பெண்டாட்டி அலர்ஜி

டயர் கடைக்கு மேலே இருக்கும் மாடி ஹாலில் டாக்டர்கள் கைவிட்ட வியாதியெல்லாம் குணமாகிறது என்ற செய்தி பரவிய நாளிலிருந்து, டயர் கடைக்காரருக்கு வியாபாரம் படுத்துவிட்டது. கடை வாசல் முழுக்க வரிசை. மாடிப்படி முழுக்க வரிசை. தும்முகிறவர்கள் ஒரு பக்கம், சொறிகிறவர்கள் ஒரு பக்கம், ஒன்றுமே இல்லாமல் 'எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடலாம்' என்று வந்தவர்கள் இரண்டு பக்கமும். பஞ்சர் ஒட்ட வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர்கூட, கூட்டத்தைப் பார்த்ததும் வண்டியை ஓரமாகச் சாய்த்துவிட்டு வரிசையில் நின்றுகொண்டார். நாலு பேர் நிற்கிற இடத்தில் ஐந்தாவது ஆளாகப் போய் நிற்பதற்கு நம் ஆட்களுக்குக் காரணமே தேவையில்லை.

மேலே இருந்தவரை ஊரார் கை டாக்டர் என்றார்கள். அவராக வைத்துக்கொண்ட பெயர் அதைவிட நீளம். வாசல் பலகையில் இடம் போதாமல் கடைசி இரண்டு பட்டங்கள் சுவரில் எழுதப்பட்டிருந்தன. ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது, ரத்தம் எடுப்பது கிடையாது. வந்தவர் இடது கையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியைப் பிடித்துக்கொண்டு வலது கையை நேராக நீட்ட வேண்டும். கை டாக்டர் இரண்டு விரலால் அந்தக் கையை அழுத்துவார். கை நின்றால் குப்பியில் உள்ள பொருள் உடம்புக்கு ஆகும். கை இறங்கினால் அலர்ஜி. அவ்வளவுதான் பரிசோதனை. வருஷக்கணக்காகப் படித்துக் கண்ணாடி போட்டுக்கொண்டவர்கள் எல்லாம் ஏமாளிகள். மனிதர் இரண்டு விரலில் முடித்துவிட்டார்.

அலமாரி நிறையக் குப்பிகள். பால், முட்டை, கோதுமை, தூசி, பூனை என்று ஒவ்வொன்றின் மேலும் பெயர். உள்ளே எல்லாவற்றிலும் தண்ணீர்தான். பொருளைத் தண்ணீருக்குக் காட்டினால் போதும், அதன் 'அதிர்வை' தண்ணீர் மனப்பாடம் செய்துகொள்ளும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. நம் பிள்ளைகளுக்கு இல்லாத ஞாபகசக்தி குழாய்த் தண்ணீருக்கு இருந்தது. கணக்கில் தோற்ற மகனை ஒருவர் கூட்டிவந்தார். கணக்குப் புத்தகத்தைக் காட்டிய தண்ணீரைக் கையில் கொடுத்ததும் மகனின் கை பொத்தென்று விழுந்தது. கணக்கு அலர்ஜி. அந்தப் பையனுக்கு அதற்குமேல் நல்ல வைத்தியர் எங்கே கிடைப்பார்? திங்கட்கிழமை பிடித்துவைத்த தண்ணீர் ஒரு குப்பியில் இருந்தது. அலுவலகம் போகிறவர்களிடையே அதற்கு ஏகப்பட்ட கிராக்கி.

சுவரில் செய்தித்தாள் துண்டுகளைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். பச்சைக் குழந்தைகளுக்கு நிலக்கடலையைத் தள்ளிப்போடச் சொன்ன காலம் போய், டாக்டர் யோசனையோடு சீக்கிரமே கொடுத்துப் பழக்கினால் அந்த ஒவ்வாமை வருவது குறைகிறது என்று ஒரு செய்தி. தனக்குப் பென்சிலின் ஆகாது என்று நம்பிக்கொண்டிருந்தவர்களை முறையாகச் சோதித்தபோது, பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுமே ஆகவில்லை என்று இன்னொரு செய்தி. இரண்டும் உண்மையான செய்திகள்தான். மாட்டியவர்தான் போலி. இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும் ஒவ்வாமை பல சமயம் இருப்பதில்லை என்று அவர் சுவரே சொல்லிக்கொண்டிருந்தது. சுவரைப் படிக்க யாருக்கும் நேரமில்லை, வரிசை நகர்ந்துகொண்டிருந்ததே.

இந்த இரண்டு விரலில் வசமாகச் சிக்கியது நம்பரம்மாவின் குடும்பம்.

நம்பரம்மா பரீட்சை அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். விடைத்தாளில் மாணவனின் எண் இருக்கும் பகுதியைக் கிழித்துத் தனியே வைத்துவிட்டு, வேறொரு எண்ணை ஒட்டி அனுப்பும் வேலை. திருத்துகிறவருக்கு எழுதியது யார் என்று தெரியக் கூடாது. தெரிந்தால் அவர் எவ்வளவு நல்லவரானாலும் பேனா ஒரு பக்கம் சாயும். நாள் முழுக்க நம்பர் ஒட்டி ஒட்டி அவளுக்கு அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. அவள் கணவன் பெரிய மரச்சாமான் கடை ஒன்றில் சூப்பர்வைசர். சட்டையின் கழுத்துப் பட்டையைச் சரிசெய்யாமல் கண்ணாடியைக் கடக்க மாட்டான். கூடவே மாமியார். முதல் வகுப்புப் படிக்கும் ஒரு மகள்.

சூப்பர்வைசருக்குக் கொஞ்ச நாளாகவே முகம் சரியில்லை. இரண்டு கண் இமைகளும் வீங்கிக்கொள்ளும். காதோரம் தோல் வெடித்துக் கசியும். பிடரி சிவந்து எரியும். நாலைந்து நாளில் தணியும். தணிந்ததே என்று நிம்மதியாக மூச்சு விடுவதற்குள் மறுபடி வரும். "தோல் ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று நம்பரம்மா தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். அங்கே போனால் அவர்கள் துருவித் துருவிக் கேள்வி கேட்பார்கள் என்று அவன் போகவில்லை. மாமியார் அவனைக் கை டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

அலமாரியில் இருந்த குப்பி எல்லாவற்றையும் பிடித்துப் பார்த்தான். கை அசையாமல் நின்றது. கை டாக்டர் நெற்றியைத் தடவிக்கொண்டே கேட்டார். "வீட்ல யார் யாரும்மா இருக்கீங்க?"

"நான், இவன், பேத்தி," என்ற மாமியார் ஒரு பெருமூச்சு விட்டாள். "அப்புறம் இவன் பொண்டாட்டி."

அந்தப் பெருமூச்சு போதும். அதைவைத்தே ஒரு மாளிகை கட்டிவிடுகிற ஆள் அவர். "மருமகப் பொண்ணு போட்டோ இருக்கா?" என்றார். மாமியாரின் கைப்பையில் இல்லாத பொருளா? போட்டோவைத் தண்ணீருக்குக் காட்டி, அந்தத் தண்ணீரைச் சூப்பர்வைசரின் கையில் கொடுத்து, இரண்டு விரலை வைத்தார். கை விழுந்தது. ஹாலே வாயைப் பிளந்தது.

"சில பேருக்குப் பால் ஆகாது. சில பேருக்கு முட்டை ஆகாது. தம்பிக்குப் பொண்டாட்டி ஆகல," என்றார் கை டாக்டர். "வெளிநாட்ல இதெல்லாம் சாதாரணம். நம்ம ஆளுங்களுக்குத்தான் இன்னும் தெரியல."

"எனக்குக் கல்யாணத்தன்னைக்கே தெரியும்," என்றாள் மாமியார்.

அன்று சாயங்காலம் சூப்பர்வைசர் மென்று முழுங்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னபோது, நம்பரம்மா முதலில் சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை.

"ஒரு மாசம் மட்டும் உங்க அண்ணன் வீட்ல இரு. உன்னைத் தப்பா எதுவும் சொல்லல. உன்னோட அதிர்வு எனக்குச் சேரலையாம்."

"இத்தனை வருஷம் சேர்ந்துச்சே. பாப்பா பொறந்தாளே. அப்பல்லாம் அதிர்வு எங்க போயிருந்துச்சு?"

"இதான். இந்த மாதிரி எதிர்த்துப் பேசறப்பதான் அது ஜாஸ்தியாகுமாம்," என்றாள் மாமியார் சமையலறையிலிருந்து.

பாப்பாவைக் கூட்டிப்போகலாம் என்றால் அவள் பள்ளிக்கூடம் இந்த வீட்டுக்குப் பக்கத்தில். நம்பரம்மா தன் துணிகளை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். பயந்து போகவில்லை. அவளிடம் ஒரு கணக்கு இருந்தது. நான் இல்லாத வீட்டில் வீக்கம் வராவிட்டால் அந்த ஆள் சொன்னது சரி. வந்துவிட்டால் அந்த ஆள் டூப் என்று இவர்களுக்கே விளங்கிவிடும். கணக்கு சரியான கணக்குதான். ஆதாரம் வந்துவிட்டால் இவர்கள் மாறிவிடுவார்கள் என்று நம்பியதுதான் தப்பு.

வீக்கம் வந்தது. முன்னைவிடக் கொழுகொழுவென்று வந்தது. சூப்பர்வைசர் ஓடிப்போய்க் கேட்டதற்குக் கை டாக்டர், "ஆள் போயிட்டாங்க, அதிர்வு போகலையே. அவங்க தொட்ட சாமான் வீட்ல இருக்கா?" என்றார். அவள் தலையணை வெளியே போனது. அவள் பீரோ பக்கத்து வீட்டுக் கொட்டகைக்குப் போனது. கல்யாணப் போட்டோவில் அவள் இருந்த பாதியை மாமியார் ஒரு காலண்டர் தாளால் மூடி ஒட்டினாள். மறுபடி வீக்கம். ஒவ்வொரு தடவையும் 'ஆராய்ச்சி நிதி' என்ற பெயரில் ஒரு கவர் கை டாக்டரின் மேஜைக்குப் போனது. கட்டணம் வாங்கமாட்டார், கொள்கைக்காரர்.

கடைசியில் அவர் கண்களை மூடி, இரண்டு விரலை நெற்றியில் வைத்து, உண்மையைக் கண்டுபிடித்தார். "வீட்ல குழந்தை இருக்கில்ல? அது பாதி அம்மாதானே?"

அன்றைக்கு ராத்திரி பாப்பா போனில் பேசினாள்.

"அம்மா, எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். அப்பா பக்கத்துல உட்காரக் கூடாதாம். நான் பாதி அலர்ஜியாம்மா."

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான். ஞாயித்துக்கெழம அந்தக் கை மாமா என் தண்ணிய அப்பா கைல குடுத்துப் பார்ப்பாராம். கை விழுந்துட்டா என்னை ஹாஸ்டல்ல சேர்த்துடுவாங்களாம். அம்மா, பாதின்னா எந்தப் பாதி?"

தன்னை அலர்ஜி என்று சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆறு வயதுக் குழந்தை தன் உடம்பில் எந்தப் பாதி விஷம் என்று கேட்டபோது உடம்பெல்லாம் எரிந்தது. விடிந்ததும் லீவு சொல்லிவிட்டு நேரே பெரிய ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்குப் போனாள்.

அங்கே இருந்த டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டார். சிரிக்கவில்லை. இப்படி எத்தனையோ பேரைப் பார்த்துச் சலித்தவர் போலிருந்தது.

"உங்க வீட்டுக்காரர் தலைக்குச் சாயம் போடறாரா?" என்றார்.

"போடறாரு. தலைக்கும் மீசைக்கும். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டுப் போடறாரு."

"வீக்கம் எப்ப வருது? சாயம் போட்ட உடனேவா?"

நம்பரம்மா யோசித்தாள். கடையில் புதிதாகச் சேர்ந்த ஒருவன் அவனைப் 'பெரியவரே' என்று கூப்பிட்ட வாரம்தான் அவன் முதல்முதலில் குளியலறைக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் இருந்தான். அதற்கப்புறம் ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு தாழ்ப்பாள். செவ்வாய், புதன் வாக்கில் இமை வீக்கம். இத்தனை நாள் இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லையே என்று தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

"ஒரு ரெண்டு நாள் கழிச்சு வருது, டாக்டர். அப்ப அதேதானா?"

"இருக்கலாம். சில சாயத்துல இருக்கற ரசாயனம் சில பேருக்குச் சேராது, தோல்ல இப்படித்தான் காட்டும். ஆனா ஆளைப் பார்க்காம, சோதிக்காம நான் அடிச்சுச் சொன்னா எனக்கும் அந்தக் கைக்காரருக்கும் என்ன வித்தியாசம்? கூட்டிட்டு வாங்க. முதுகுல பொருள் பொருளா வச்சு பிளாஸ்திரி ஒட்டி, ரெண்டு நாள் கழிச்சு எடுத்துப் பார்ப்போம். எது தடிக்குதோ அது."

"அவரு வரமாட்டாரு டாக்டர். அந்த ஆள் கையை அழுத்தினா விழுதே, அதைக் கண்ணால பார்த்துட்டோமேன்றாரு."

"என்ன குப்பின்னு தெரிஞ்சுகிட்டு அழுத்தினா விழத்தான் செய்யும். சாப்பாட்டு அலர்ஜியில சந்தேகம் வந்தா நாங்க என்ன பண்ணுவோம் தெரியுமா? எது நிஜப் பொருள், எது சும்மான்னு கொடுக்கறவருக்கும் தெரியாம, சாப்பிடறவருக்கும் தெரியாம வச்சுச் சோதிக்கறது உண்டு. எங்களுக்கு எங்க மேலயே அவ்வளவு நம்பிக்கை."

நம்பரம்மாவுக்கு அது புதிய பாடமே இல்லை. அதைத்தானே காலையிலிருந்து சாயங்காலம் வரை பசை தடவிச் செய்துகொண்டிருக்கிறாள்.

ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே சூப்பர்வைசருக்குப் போன் போட்டாள். சாயம் என்ற வார்த்தையை எடுத்ததும் அவன் குதித்தான்.

"நான் எங்க சாயம் போடறேன்? யாரு சொன்னா உனக்கு? எங்க வம்சத்துக்கே நரை கிடையாது."

அவன் அம்மாவுக்குத் தலை பஞ்சாக வெளுத்துப் பத்து வருஷம் ஆகிறது. அது எந்த வம்சமோ. நம்பரம்மா போனை வைத்துவிட்டாள். பெண்டாட்டியை அனுப்பத் தயங்காதவன், பெற்ற மகளை அனுப்பத் துணிந்தவன், அந்தச் சாயக் குழாயை மட்டும் விடத் தயாராக இல்லை. இவனை வைத்துக்கொண்டு தனியே பேசிப் பயனில்லை, கூட்டத்திலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் நிற்க இடமில்லை. மின்விசிறிகள் சுற்றின, காற்று வரவில்லை. முன்வரிசையில் மாமியார், பக்கத்தில் சூப்பர்வைசர், நடுவில் ஒரு நாற்காலி காலி விட்டு அந்தப் பக்கம் பாப்பா. காலி நாற்காலி பாதுகாப்புக்காகவாம். நம்பரம்மாவைப் பார்த்ததும் பாப்பா எழுந்து ஓடிவரப் பார்த்தாள். மாமியார் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

கை டாக்டர் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது நம்பரம்மா எழுந்து நின்றாள். கையில் ஒரு கட்டுப் பழுப்புக் கவர்கள். அலுவலகக் கவர்கள், வெளிச்சத்தில் பிடித்தாலும் உள்ளே இருப்பது தெரியாது.

"ஐயா, நான்தான் அந்த அலர்ஜி," என்றாள்.

ஹால் கொல்லென்று சிரித்தது. கை டாக்டரும் பெருந்தன்மையாகச் சிரித்தார்.

"குழந்தைய அப்புறம் பார்க்கலாம். முதல்ல என்னைய நல்லா உறுதி பண்ணிடுங்க. ஆறு பேரோட கைக்குட்டைய ஆறு கவர்ல போட்டு ஒட்டிடுவோம். ஒண்ணு என்னுது. எது யாருதுன்னு எனக்கும் தெரிய வேணாம், உங்களுக்கும் தெரிய வேணாம். உங்க கை என் கவரைச் சரியாப் பிடிக்கட்டும். மூணு தடவை மாத்தி மாத்திப் பார்ப்போம். பிடிச்சிடுச்சுன்னா நான் இனிமே அந்த வீட்டுப் பக்கமே வரல. பாப்பாவ நானே ஹாஸ்டல்ல கொண்டுபோய் விடறேன்."

ஆறில் ஒன்று, குருட்டாம்போக்கில் ஒரு தடவை பட்டுவிடலாம். அதனால்தான் மூன்று தடவை என்றாள். இருந்தாலும் பந்தயம் வைத்திருப்பது பெற்ற மகளை.

கை டாக்டருக்கு மறுக்க வழியில்லை. மைக் வேறு கையில் இருந்தது. "என் விரல் பொய் சொல்லாதும்மா," என்றார். கூட்டம் கை தட்டியது. மாமியார் முதல் ஆளாகத் தன் கைக்குட்டையைக் கொடுத்தாள். மருமகளைத் துரத்துகிற காரியத்துக்கு இதைக்கூடக் கொடுக்காவிட்டால் எப்படி? பஞ்சர் ஒட்ட வந்தவர் ஒன்று கொடுத்தார். ஒரு பஸ் டிரைவர் ஒன்று, ஒரு டீச்சர் ஒன்று. "சும்மா என்னுதையும் போடுங்க," என்று கை டாக்டரும் தன் வாசனைக் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார். தன்னம்பிக்கை என்றால் அப்படி ஒரு தன்னம்பிக்கை.

டயர் கடைக்காரர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு கீழே போய், ஷட்டரை இறக்கிவிட்டு, கவர்களில் போட்டு ஒட்டி, நம்பர் போட்டு, படியில் நின்ற ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். கடைக்காரர் மேலே வரவில்லை. வந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று நம்பரம்மா ஏற்கனவே சொல்லிவைத்திருந்தாள்.

சூப்பர்வைசர் கையை நீட்டினான். முதல் கவர். கை டாக்டர் விரலை வைக்குமுன் மாமியாரின் முகத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் தெரியவில்லை. நம்பரம்மாவின் முகத்தைப் பார்த்தார். அங்கேயும் ஒன்றுமில்லை. முகத்தைப் படித்தே வயிறு வளர்த்த மனிதருக்கு அன்றைக்கு ஆறு கவர்களும் வெறும் பழுப்பாக இருந்தன. முதலாவது நின்றது. இரண்டாவது நின்றது. மூன்றாவதும் நின்றது. நம்பரம்மா அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது.

நான்காவது கவருக்கு அந்த விரல் மெல்ல மணிக்கட்டுக்கு நகர்ந்தது. கை விழுந்தது.

"இதோ," என்றார் கை டாக்டர். "அப்பட்டமான அலர்ஜி. விஷம் மாதிரி அடிக்குது. தம்பியோட வாழ்க்கையையே உறிஞ்சற அதிர்வு இது. இந்த ஆள் இருக்கற வீட்ல ஆரோக்கியமே இருக்காது."

கவரைப் பிரித்தார்கள். ஓரத்தில் நீலப் பூ போட்ட கைக்குட்டை.

பாப்பாதான் முதலில் பேசினாள். "அது பாட்டியோடது."

மாமியாரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. மருமகள் போட்டோவைப் பார்த்துத் தண்ணீர் சொன்னதெல்லாம் வேதமாக இருந்தது. இப்போது அதே விரல் தன் பக்கம் திரும்பியதும் அம்மையாருக்குப் பகுத்தறிவு பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"பெத்து வளர்த்தவ அதிர்வு பிள்ளைக்கு ஆகாதா? என்னய்யா பேச்சு பேசறே? இன்னொரு தடவை பாரு. ஒழுங்கா பாரு."

"ரொம்பச் சோதிச்சா சக்தி குறையும்மா, இன்னொரு நாள்..."

"மூணு தடவைன்னுதானே ஒத்துக்கிட்டே? உட்காரு," என்றாள் மாமியார். ஒரு மாதமாக அவரை ஐயா என்று கூப்பிட்ட வாய் அது.

கைக்குட்டைகள் கீழே போய், புதுக் கவர்களில் நம்பர் மாறி வந்தன. கை டாக்டரின் நெற்றி வியர்த்தது. ஒவ்வொரு கவருக்கும் விரல் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே வழி தெரியாமல் அலைந்தது. ஐந்தாவதில் சூப்பர்வைசரின் கை விழுந்தது. இந்த முறை அவர் விஷம், அதிர்வு என்றெல்லாம் பேசவில்லை. சூடு கண்டிருந்தார். கவரைப் பிரிக்கும்போதே ஹால் முழுக்க வாசனை அடித்தது. அவருடைய கைக்குட்டை.

கடைக்காரர் கீழே குறித்துவைத்திருந்த பட்டியலைப் பார்த்தால், நம்பரம்மாவின் கைக்குட்டைக்கு இரண்டு தடவையும் கணவனின் கை கம்பம் போல நின்றிருந்தது.

மூன்றாவது தடவை தேவைப்படவில்லை. பஸ் டிரைவர்தான் முதலில் சிரித்தார். சிரிப்பு பின்வரிசை வரை போய்த் திரும்பி வந்தது. கை டாக்டர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, கவரின் பசை அதிர்வைத் தடுக்கிறது, பழுப்பு நிறம் எதிர்மறை நிறம் என்று என்னென்னவோ சொன்னார். நம்பரம்மா மேடையில் ஏறினாள்.

"ஐயா, உங்க கையைக் கொஞ்சம் நீட்டுங்க."

"எதுக்கும்மா?"

"நீட்டுய்யா," என்றது பின்வரிசை.

நீட்டினார். அவர் இடது கையில் ஒன்றும் இல்லை, தண்ணீர்கூட இல்லை. நம்பரம்மா இரண்டு விரலை அவர் முழங்கையருகே வைத்து அழுத்தினாள். கை நின்றது. விரலை மணிக்கட்டுக்கு நகர்த்தி அதே மாதிரி அழுத்தினாள். கை விழுந்தது.

"கதவைக் கீல் பக்கத்துல தள்ளினா நகராது, கைப்பிடிப் பக்கம் தள்ளினா லேசாத் திறக்கும். இதுவும் அதேதான்," என்றாள் கூட்டத்தைப் பார்த்து. "உங்களுக்கு எது ஆகாதுன்னு இவரு முடிவு பண்றாரோ அதுக்கு மணிக்கட்டு. மத்ததுக்கெல்லாம் முழங்கை. பக்கத்துல இருக்கறவங்க கையைப் பிடிச்சு நீங்களே பாருங்க."

ஹால் முழுக்கக் கைகள் நீண்டன. இத்தனை நாளும் இதைச் செய்துபார்க்க அவர்களை யாரும் தடுத்ததில்லை. அவரவர் தோளில் ஒரு கை தொங்கிக்கொண்டுதான் இருந்தது, பக்கத்திலும் ஓர் ஆள் நின்றுகொண்டுதான் இருந்தார். திங்கட்கிழமை அலர்ஜிக்காரர் ஒருவர் மட்டும் சோதித்துப் பார்க்கவில்லை. அவருக்கு அந்த வியாதி வேண்டியிருந்தது.

நம்பரம்மா கணவனிடம் திரும்பினாள். நெரிசலில் அவனுக்கு வியர்த்துக் கொட்டியிருந்தது. காதோரத்திலிருந்து கன்னத்தில் ஒரு கறுப்புக் கோடு வழிந்து, பார்த்துப் பார்த்துத் தேய்த்த வெள்ளைக் கழுத்துப் பட்டையில் ஊறியிருந்தது.

"இவ்வளவையும் சோதிச்சாரே, உங்க தாழ்ப்பாள் சமாச்சாரத்தை ஒரு குப்பில காட்டினீங்களா?"

அவன் கன்னத்தைத் துடைத்தான். விரல் கறுப்பானது. தன் விரலையும் தாயின் வெள்ளைத் தலையையும் மாறி மாறிப் பார்த்தான். மாமியார்தான் தலையில் அடித்துக்கொண்டாள். "இதுக்காடா அவ பீரோவைத் தூக்கிக் கொட்டகையில போட வச்சே?" போடச் சொன்னது அவள்தான் என்பது அவளுக்கு அப்போதே மறந்துவிட்டது.

நம்பரம்மா பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்டுக்குப் போலாமா?" என்றான் சூப்பர்வைசர் மெதுவாக.

"நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க. நாங்க எங்க அண்ணன் வீட்டுக்குப் போறோம்," என்றாள் அவள். தாயும் மகளும் படி இறங்கினார்கள்.

டாக்டரம்மா அவன் முதுகில் வரிசையாகப் பிளாஸ்திரி ஒட்டினார். இரண்டு நாள் குளிக்காமல், ஒருக்களித்தே படுத்தான். பிரித்தபோது மற்ற இடமெல்லாம் சும்மா இருந்தது. சாய ரசாயனம் வைத்த ஓர் இடம் மட்டும் சிவந்து தடித்திருந்தது. அலமாரி நிறையக் குப்பி கண்டுபிடிக்காததை அரை விரல் அகலப் பிளாஸ்திரி கண்டுபிடித்துவிட்டது. இனி அந்த வகைச் சாயத்தின் பக்கமே போகக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். சில வாரத்தில் இமை இமையாக ஆனது. தலையும் அதன் சொந்த நிறத்துக்கு வந்தது.

நரைத்த தலையோடு அவன் மைத்துனன் வீட்டு வாசலில் வந்து நின்றபோது பாப்பாதான் கதவைத் திறந்தாள். திறந்தவள் அவசரமாகப் பின்னால் நகர்ந்து நின்றாள், நடுவில் ஒரு நாற்காலி அளவுக்கு இடம் விட்டு. அதைப் பார்த்ததும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. வீக்கத்தில் கலங்கியது அல்ல.

"அப்பா, நான் இன்னும் பாதி அலர்ஜியா?"

"இல்லம்மா. நீ எப்பவுமே இல்ல. அப்பாதான் முழு முட்டாள்."

உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த நம்பரம்மா அதைக் கேட்டாள். அந்தச் சோதனை முடிவில் அவளுக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை. மன்னிப்பதா வேண்டாமா என்பதை மட்டும், அவசரமில்லாமல், மடித்த துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே யோசித்தாள். "என் பீரோ வீட்டுக்குள்ள வந்தாச்சா?" என்று உள்ளேயிருந்தே கேட்டாள். வந்தாச்சு, காலண்டர் தாளையும் கிழிச்சாச்சு என்று பதில் வந்தது.

டயர் கடைக்கு மேலே ஹால் இப்போது பூட்டிக் கிடக்கிறது. கை டாக்டர் ஊரைக் காலி செய்துவிட்டுப் போனார். வேறோர் ஊரில், வேறொரு கடைக்கு மேலே, பாதத்தை அழுத்தி வியாதி சொல்கிறாராம். அங்கேயும் மாடிப்படி வரை வரிசையாம். போகட்டும், அவருக்கு அது தொழில். வரிசையில் நிற்கிறவர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். கட்டினவளை வீட்டை விட்டு அனுப்ப இரண்டு விரல் போதும் என்று எப்படி நினைத்தீர்கள்? பெற்ற குழந்தையைப் பாதியாக வெட்டிக் கணக்குப் போட எப்படி மனசு வந்தது? உலகத்தில் எது எதற்கோ அலர்ஜி வருகிறது, மறுக்கவில்லை. யோசித்ததால் ஒருவருக்கு உடம்பு தடித்தது என்று மட்டும் இதுவரை எந்த ஆராய்ச்சியும் சொல்லவில்லை. பயப்படாமல் ஒரு தடவை செய்து பாருங்கள்.